இறாலுக்குப் புழுத் தீவனம்... மீன்தூளுக்கு மாற்று கிடைத்துவிட்டதா? திருப்பாலைக்குடி பண்ணைகளுக்கு என்ன பயன்?

ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டியை நோக்கிப் போனால் வழியில் வருகிறது திருப்பாலைக்குடி. கரையில் பாக் நீரிணையை நம்பிப் பிழைக்கும் மீனவர்களின் படகுகள். இந்தக் கடற்கரை நெடுக, சதுரம் சதுரமாக வெட்டிய இறால் குட்டைகளும் தண்ணீரை அடித்துக்கொண்டே இருக்கும் ஏரேட்டர்களும் கண்ணில் படும்.

பார்ப்பதற்கு இரண்டும் வேறு வேறு தொழில். ஆனால் இரண்டையும் இணைக்கும் பொருள் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் சங்காயம்.

விசைப்படகு வலையில் நல்ல மீனோடு சேர்ந்து வரும் பொடி மீன், குஞ்சு மீன், விலை போகாத மீன் எல்லாவற்றையும் ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் சங்காயம் என்பார்கள். இதைக் காயவைத்து ஆலைக்கு அனுப்பினால் மீன்தூள். அந்த மீன்தூள் கோழித் தீவனத்துக்கும் இறால் தீவனத்துக்கும் போகிறது. அதாவது கடலில் வளர்ந்து பெரிதாகியிருக்க வேண்டிய குஞ்சு மீன்களில் ஒரு பங்கு, குட்டையில் வளரும் இறாலின் வயிற்றுக்குப் போய்ச் சேருகிறது. கடலில் மீன் குறைகிறது என்று கவலைப்படுகிற மீனவருக்கு இது நல்ல செய்தி இல்லை. மீன்தூள் விலை ஏறும்போதெல்லாம் தீவன மூட்டை விலையும் ஏறுவதால் பண்ணைக்காரருக்கும் இது நல்ல செய்தி இல்லை.

இந்த இடத்தில்தான் ஒரு ஈயின் புழு உள்ளே வருகிறது.

தீவனம்தான் பாதிக் கணக்கு

இன்று தமிழ்நாட்டுக் குட்டைகளில் பெரும்பாலும் வளர்வது வன்னாமெய் இறால். லத்தீன் அமெரிக்காவின் பசிபிக் கடலோரத்தைச் சேர்ந்த இந்த இனத்தை வளர்க்க இந்தியாவில் 2009-ல் அனுமதி கிடைத்தது. அதற்கு முன் கொடிகட்டிப் பறந்த புலி இறாலை 1990-களின் நடுவில் வெள்ளைப்புள்ளி வைரஸ் அடித்து நொறுக்கியிருந்தது. வன்னாமெய் வந்தபிறகு தொழில் மீண்டும் எழுந்தது. 2024-25-ல் இந்தியா ஏற்றுமதி செய்த உறைந்த இறால் சுமார் 7.4 லட்சம் டன். மதிப்பு 43,000 கோடி ரூபாய்க்கு மேல்.

எண் பெரிதாக இருந்தாலும் பண்ணைக்காரர் கையில் நிற்கும் காசு கொஞ்சம்தான். காரணம் தீவனம். ஒரு அறுவடைக்கு ஆகும் மொத்தச் செலவில் 50 முதல் 60 சதவீதம் தீவனத்துக்கே போய்விடும்.

ஒரு கணக்கு பார்க்கலாம். ஒரு ஹெக்டேர் குட்டையில் 6 டன் இறால் எடுக்க வேண்டும். ஒரு கிலோ இறால் வளர 1.4 கிலோ தீவனம் என்று வைத்தால் 8,400 கிலோ தீவனம் வேண்டும். கணக்குக்கு எளிதாகக் கிலோ 100 ரூபாய் என்று போட்டால் 8.4 லட்சம் ரூபாய். பல இடங்களில் இந்தப் பணத்தை முன்கூட்டியே கொடுத்துத் தீவனம் வாங்குவதில்லை. டீலர் கடனாகக் கொடுப்பார், அறுவடை முடிந்து கழித்துக்கொள்வார். நடுவில் வெள்ளைப்புள்ளியோ ‘ஒயிட் கட்’ நோயோ வந்து இறால் செத்தால், இறால் போய்விடும், கடன் அப்படியே நிற்கும்.

விற்கும் விலையும் பண்ணைக்காரர் கையில் இல்லை. இந்திய இறாலின் மிகப்பெரிய சந்தையான அமெரிக்கா, 2025 ஆகஸ்ட் இறுதியில் இந்தியப் பொருட்கள் பலவற்றின் மீதான கூடுதல் வரியை 50 சதவீதமாக்கியது. அதில் இறாலும் மாட்டியது. வாஷிங்டனில் எடுத்த முடிவு, குட்டைக்கரையில் ‘100 கவுன்ட் என்ன விலை’ என்ற கேள்வியில் வந்து நின்றது. விற்கும் விலையைத் தொட முடியாதவர், செலவைத்தானே தொட முடியும்?

மீன்தூளுக்கு என்ன பிரச்சினை?

வன்னாமெய் தீவனத்தில் 32 முதல் 38 சதவீதம் வரை புரதம் வேண்டும். இந்தப் புரதத்தைத் தருவது முக்கியமாக இரண்டு பொருட்கள்: மீன்தூள், சோயாப் புண்ணாக்கு. இரண்டுமே உலகச் சந்தையோடு கட்டப்பட்டவை.

உலக மீன்தூளில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு பெரு நாட்டிலிருந்து வருகிறது. அங்கே பிடிபடும் அன்கோவெட்டா என்ற சின்ன மீன்தான் மூலப்பொருள். 2023-ல் எல் நினோ காரணமாகக் கடல் சூடானது. வலையில் குஞ்சு மீனே அதிகம் சிக்கியதால் பெரு அரசு அந்த ஆண்டின் முதல் மீன்பிடிப் பருவத்தையே ரத்து செய்தது. மீன்தூள் விலை டன்னுக்கு 1,800 டாலரைத் தாண்டியது. சோயாவிலும் இதே கதை நடந்திருக்கிறது. 2021-ல் உள்நாட்டில் சோயாப் புண்ணாக்கு விலை தாறுமாறாக ஏறியபோது, மரபணு மாற்றப்பட்ட சோயாவிலிருந்து எடுத்த புண்ணாக்கை 12 லட்சம் டன் வரை இறக்குமதி செய்ய மத்திய அரசு அனுமதிக்க வேண்டியதாயிற்று.

உள்ளூரிலேயே, வருஷம் முழுவதும், வானிலையை நம்பாமல் ஒரு புரதம் கிடைத்தால் எப்படி இருக்கும்? உலகம் முழுக்கத் தீவன ஆராய்ச்சியாளர்கள் கேட்பது இதைத்தான்.

அந்த ஈ எது?

பெயர் கறுப்பு சிப்பாய் ஈ. ஆங்கிலத்தில் பிளாக் சோல்ஜர் ஃப்ளை, சுருக்கமாக பி.எஸ்.எஃப். (எல்லைப் பாதுகாப்புப் படைக்கும் இதே சுருக்கப் பெயர்தான், குழம்ப வேண்டாம்.) வீட்டில் சோற்றுத் தட்டில் உட்காரும் ஈ வேறு, இது வேறு. கறுப்பாக, ஒல்லியாக, பார்க்கக் குளவி மாதிரி இருக்கும். கடிக்காது, கொட்டாது. வளர்ந்த ஈ ஒரு வாரம் போல உயிரோடு இருக்கும். இணை சேர்வதும் முட்டையிடுவதும்தான் அதன் வேலை. ஒரு பெண் ஈ ஒரே தடவையில் 500-க்கும் மேற்பட்ட முட்டைகள் இடும்.

விஷயம் எல்லாம் புழுப் பருவத்தில்தான். முட்டை பொரிக்க சுமார் 4 நாள். அதன்பிறகு இரண்டு, இரண்டரை வாரம் புழு சாப்பிட்டுக்கொண்டே இருக்கும். காய்கறிக் கழிவு, பழத்தோல், மிஞ்சிய சோறு, தவிடு, மீன் குடல் என ஈரமாக அழுகக்கூடிய எதையும் விடாது. முடிவில் இரண்டு செ.மீ.க்கு மேல் நீளமான, கொழுத்த புழு. நன்றாக நடக்கும் ஒரு கூடத்தில் 1 டன் ஈரக் கழிவிலிருந்து 150 முதல் 200 கிலோ உயிர்ப்புழு எடுக்கலாம். காயவைத்தால் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நிற்கும். மிஞ்சும் எச்சம் உரமாகப் போகும்.

காய்ந்த புழுவில் சுமார் 40 சதவீதம் புரதம், 30 சதவீதத்தை ஒட்டிக் கொழுப்பு. இது புழுவுக்குப் போடும் இரையைப் பொறுத்து ஏறி இறங்கும். கொழுப்பைப் பிழிந்தெடுத்துவிட்டால் புரதம் 50 சதவீதத்தைத் தாண்டும். தீவன ஆலைகள் விரும்புவது இந்தக் கொழுப்பு நீக்கிய தூளைத்தான்.

‘புழு தின்ற இறாலையா சாப்பிடுவது?’

முகம் சுளிக்கத் தோன்றும். ஆனால் கடலில் இறால் என்ன தின்கிறது என்று பார்த்தால் சுளிப்பு கொஞ்சம் குறையும். அடிமண்ணில் கிடக்கும் புழுக்கள், சிறு உயிரிகள், அழுகிய பொருள்தான் அதன் இயற்கை உணவு. பண்ணைக்காரர் பணம் கொடுத்து வாங்கி விடும் குஞ்சு இருக்கிறதே, அதைப் பொரிக்கும் ஹேட்சரியில் தாய் இறாலுக்குக் கொடுக்கும் முக்கிய உணவே பாலிகீட் எனும் கடல் புழுதான். புழு இறாலுக்குப் புதிசு இல்லை, தீவன மூட்டைக்குத்தான் புதிசு.

ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. இறால் சாப்பிட்டால் ஒவ்வாமை வருகிறவர்களுக்குப் பூச்சிப் புரதமும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். இரண்டிலும் டிரோபோமயோசின் என்ற புரதம் ஒரே சாயலில் இருப்பதுதான் காரணம். புழுத்தூள் அரைக்கும் இடத்தில் வேலை பார்ப்பவர்கள் முகக்கவசம் இல்லாமல் இருக்கக் கூடாது.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

மீன்தூளை மொத்தமாகத் தூக்கிவிட்டுப் புழுவைப் போட முடியுமா? முடியாது என்பதுதான் நேர்மையான பதில்.

அமெரிக்காவில் வன்னாமெய் இறால் மீது நடந்து 2017-ல் வெளியான ஆய்வு ஒன்று, தீவனத்தில் உள்ள மீன்தூளில் 25 சதவீதத்துக்கு உட்பட்டு சிப்பாய் ஈ புழுத்தூளை மாற்றினால் சரியாக இருக்கும், அதற்கு மேல் போனால் வளர்ச்சி குறைகிறது என்றது. அதற்குப் பிறகு வந்த சில ஆய்வுகளில் அதைவிடக் கூடுதலாகவும் மாற்ற முடிந்திருக்கிறது. புழுவின் தரம், கொழுப்பு நீக்கியதா இல்லையா, கூட என்ன சேர்த்தார்கள் என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது.

ஏன் முழுதாக முடியவில்லை? மீனில் இருக்கும் இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்புகள் சாதாரணப் புழுவில் கிட்டத்தட்ட இல்லை. மெத்தியோனின் என்ற அமினோ அமிலமும் பற்றாக்குறை. இரண்டையும் தனியாகச் சேர்க்க வேண்டும்.

கைட்டின் என்று இன்னொரு சமாச்சாரம். இறால் ஓட்டில் இருக்கும் அதே பொருள் புழுத் தோலிலும் இருக்கிறது. இதில் நைட்ரஜன் உண்டு. ஆய்வகத்தில் புரதத்தை நேராக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிப் ‘புரதம் இவ்வளவு’ என்று சொல்வதுதான் வழக்கம். புழுவுக்கு அப்படிச் செய்தால் கைட்டின் நைட்ரஜனும் சேர்ந்து புரதம் அதிகமாகத் தெரியும். முழுப் புழுவுக்கு 4.76-ஆல் பெருக்குவதே சரி என்று 2017-ல் ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். அப்படிப் பார்த்தால் மூட்டையில் 42 சதவீதம் என்று எழுதியிருப்பது உண்மையில் 32 சதவீதம்தான். வாங்குகிறவர் ஏமாறக்கூடிய இடம் இது.

நல்ல பக்கமும் இருக்கிறது. புழுவின் கொழுப்பில் அதிகம் இருப்பது லாரிக் அமிலம், நம் தேங்காய் எண்ணெயில் இருக்கும் அதே அமிலம். கிருமிகளை அடக்கும் குணம் இதற்கு உண்டு. 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், மீன்தூளில் பாதியை மாவுப்புழுத் தூளால் மாற்றிய தீவனம் தின்ற வன்னாமெய் நன்றாக வளர்ந்தது. விப்ரியோ பாக்டீரியாவைச் செலுத்தியபோது சாவும் குறைந்தது. நடத்தியது மாவுப்புழு விற்றுவந்த பிரெஞ்சு நிறுவனமான இன்செக்ட்டின் குழு என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இந்தியாவில் யார் செய்கிறார்கள்?

சென்னையில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம், அதாவது ‘சிபா’, இறால் தீவனத்தில் மீன்தூளைக் குறைக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. உள்நாட்டுப் பொருட்களை வைத்து ‘வன்னாமெய் ப்ளஸ்’ என்ற தீவனத் தொழில்நுட்பத்தை உருவாக்கியதும் இந்த நிறுவனம்தான். சிப்பாய் ஈ புழுவைத் தீவனத்தில் சோதிக்க 2023-ல் அல்ட்ரா நியூட்ரி இந்தியா என்ற நிறுவனத்துடனும், அடுத்த ஆண்டு பெங்களூருவைச் சேர்ந்த லூப்வார்ம் என்ற ஸ்டார்ட்அப் நிறுவனத்துடனும் சிபா கைகோர்த்தது.

லூப்வார்ம் பட்டுப்புழுவிலிருந்தும் புரதம் எடுக்கிறது. பட்டு நூல் எடுத்தபிறகு மிஞ்சும் கூட்டுப்புழுவை மீனுக்குப் போடுவது நம் நாட்டில் பழைய வழக்கம்தான். கொழுப்பு சீக்கிரம் கெட்டு நாற்றமடிப்பதுதான் அதில் இருந்த தலைவலி. தர்மபுரி, ஓசூர் பக்கம் பட்டுத் தொழில் இருப்பதால் தமிழ்நாட்டிலும் இது யோசிக்க வேண்டிய வழி.

வெளிநாட்டில் ஐரோப்பிய ஒன்றியம் 2017 ஜூலையிலிருந்து மீன், இறால் தீவனத்தில் பூச்சிப் புரதத்தை அனுமதிக்கிறது. இறால் வளர்ப்பில் இந்தியாவோடு போட்டி போடும் வியட்நாமில், ஆண்டுக்கு 10,000 டன் புழுத்தூள் எடுக்கும் திறனுள்ள ஆலையை என்டோபெல் நிறுவனம் 2023-ல் திறந்தது.

அப்படியென்றால் ஏன் இன்னும் மூட்டைக்குள் வரவில்லை?

விலைதான் காரணம். 2021-ல் ரபோபேங்க் வெளியிட்ட அறிக்கைப்படி பூச்சிப் புரதத்தின் விலை டன்னுக்கு 3,500 முதல் 5,500 யூரோ. மீன்தூளை விட இரண்டு மடங்குக்கு மேல். உற்பத்தி பெருகினால் விலை இறங்கும் என்றார்கள். இறங்குவதற்குள் சில நிறுவனங்களே இறங்கிவிட்டன. மேலே சொன்ன இன்செக்ட் நிறுவனம் சுமார் 60 கோடி டாலர் முதலீடு திரட்டியது. 2025-ல் அது திவாலானது.

நம் ஒரு ஹெக்டேர் குட்டைக்குத் திரும்பலாம். 8,400 கிலோ தீவனத்தில் 15 சதவீதம் மீன்தூள் என்றால் 1,260 கிலோ. அதில் கால் பங்கை மாற்ற 315 கிலோ புழுத்தூள் போதும். மீன்தூளை விடக் கிலோவுக்கு 100 ரூபாய் கூடுதல் என்றே வைத்தாலும் ஒரு அறுவடைக்குக் கூடுதல் செலவு 31,500 ரூபாய். இந்தப் பணம் எங்கிருந்து திரும்பி வரும்? இறால் சாவு குறைந்து, மகசூல் வெறும் 5 சதவீதம் கூடினால் 300 கிலோ இறால். கிலோ 250 ரூபாய் என்றாலும் 75,000 ரூபாய். சாவு குறையவில்லை என்றால் 31,500 நஷ்டம். அவ்வளவுதான் கணக்கு. ‘புழுத் தீவனம் மலிவு’ என்று யாராவது சொன்னால் இன்றைய நிலையில் அது சரியில்லை. நோயைத் தாங்க வைத்தால்தான் அது கட்டுப்படியாகும். ஆய்வகத் தொட்டியில் தெரிந்த பலன், மேட்டுச் சூடும் உப்பும் ஏறி இறங்கும் பாக் கடலோரக் குட்டையிலும் தெரியுமா என்பதைக் குட்டையில் வளர்த்துத்தான் நிரூபிக்க வேண்டும்.

ஊரிலேயே புழு வளர்க்கலாமா?

315 கிலோ காய்ந்த புழுவுக்கு வேண்டியது ஐந்தாறு டன் ஈரக் கழிவு. 120 நாளில் பிரித்தால் நாளுக்கு 50 கிலோ. ஒரு சந்தையும் நாலு சாப்பாட்டுக் கடையும் இருக்கும் ஊரில் இது பெரிய அளவு இல்லை. அதோடு கடலோரத்துக்கே ஒரு அனுகூலம் உண்டு. மீன் குடல், செவுள் போன்ற கழிவைத் தின்ற சிப்பாய் ஈ புழுவின் உடம்பில் ஒமேகா-3 ஏறுகிறது என்று 2007-லேயே அமெரிக்க ஆய்வு காட்டியிருக்கிறது. புழுவின் பெரிய குறையை மீன் கழிவே ஓரளவு சரிசெய்கிறது.

ஆனால் இங்கே மூன்று சிக்கல்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஐரோப்பிய விதிப்படி அங்குள்ள பண்ணைகளில் வளரும் புழுவுக்கு ஓட்டல் மிச்சம், சாணம் போன்றவற்றைக் கொடுக்கக் கூடாது. ஏற்றுமதிக்கு இறால் வாங்குகிறவர், தீவனத்தில் என்ன இருக்கிறது, அந்தப் புழு எதைத் தின்றது என்று நாளை கேட்கலாம். ஆன்டிபயாடிக் எச்சத்துக்காகக் கன்டெய்னர் திரும்பி வந்த அனுபவம் இந்தத் தொழிலுக்குப் புதிதல்ல. இரண்டாவது, கழிவில் காட்மியம் போன்ற உலோகம் இருந்தால் புழு அதைத் தன் உடம்பில் சேர்த்துவைக்கும். மூன்றாவது, இறால் தலையையும் ஓட்டையும் புழுவுக்குப் போட்டு, அந்தப் புழுவை மறுபடி இறாலுக்கே கொடுப்பது. இதைச் செய்யவே கூடாது. மருந்தே இல்லாத வெள்ளைப்புள்ளி வைரஸுக்கு நாமே கதவைத் திறந்துவிடுவது போலாகிவிடும்.

வெயிலும் ஒரு பிரச்சினை. புழுவுக்குப் பிடித்தது 27 முதல் 30 டிகிரி. ராமநாதபுரத்து மே மாத வெயிலில் தகரக் கொட்டகையில் வைத்தால் வெந்துவிடும். நிழலும் ஈரமும் காற்றும் வேண்டும்.

சரி, வளர்த்தாயிற்று. அப்படியே குட்டையில் அள்ளி வீசலாமா? பலர் தவறு செய்யும் இடம் இது. கொழுப்பு அதிகம் உள்ள காய்ந்த புழு மிதக்கும். இறாலோ அடித்தரையில் மேயும் பிராணி. மிதக்கும் புழுவைக் காக்கா தின்னும், மீதி அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். இறால் தீவனம் என்றால் உடனே அமிழ வேண்டும், இரண்டு மூன்று மணி நேரம் கரையாமல் நிற்க வேண்டும், இறாலின் வயசுக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும். இதற்கு அரைத்து, ஆவியில் வேகவைத்து, அழுத்திக் குருணையாக்கும் இயந்திரம் வேண்டும். தனி ஒரு பண்ணைக்காரருக்கு இது கட்டாது. ஆகவே ஊர்ப் பக்கம் நடக்கக்கூடியது புழுவை வளர்த்துக் காயவைத்துத் தீவன ஆலைக்கு விற்பதுதான். நாட்டுக்கோழிக்கும் வளர்ப்பு மீனுக்கும் நேரடியாகப் போடலாம், அதில் இத்தனை சிக்கல் இல்லை.

‘முட்டை வாங்குங்க, புழுவை நாங்களே எடுத்துக்கிறோம்’ என்று யாராவது வந்தால் கொஞ்சம் நிதானிப்பது நல்லது. 2012-ல் ஈரோடு மாவட்டம் பெருந்துறையை மையமாக வைத்து வெடித்த ஈமு கோழி விவகாரம் இதே வாக்குறுதியோடுதான் தொடங்கியது. புழு வளர்ப்பு மோசடி இல்லை, அது உண்மையான தொழில்நுட்பம். ஆனால் காய்ந்த புழுவை எந்த ஆலை, என்ன விலைக்கு, எந்தப் பரிசோதனைச் சான்றோடு வாங்கும் என்பது எழுத்தில் இல்லாவிட்டால் முதல் போடுவதில் அர்த்தமில்லை.

பண்ணைக்காரர் இப்போது என்ன செய்யலாம்?

‘பூச்சிப் புரதம் சேர்த்தது’ என்ற பெயரில் தீவனம் வந்தால், எல்லாக் குட்டையிலும் ஒரே நேரத்தில் இறக்க வேண்டாம். இரண்டு குட்டையில் ஒரே ஹேட்சரிக் குஞ்சை, ஒரே நாளில், ஒரே எண்ணிக்கையில் விட்டு, ஒன்றில் பழைய தீவனம், ஒன்றில் புதியது. செக் ட்ரேயில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று தினமும், எடை எவ்வளவு ஏறுகிறது என்று வாரம் ஒரு முறையும் எழுதிவைத்தால் அறுவடை நாளில் பதில் கையில் இருக்கும். டீலரிடம் கேட்க வேண்டியவை: எந்தப் பூச்சி, கொழுப்பு நீக்கியதா, எத்தனை சதவீதம் சேர்த்திருக்கிறார்கள், புரதத்தை எந்தக் கணக்கில் போட்டிருக்கிறார்கள், ஆன்டிபயாடிக் இல்லை என்பதற்கான சான்று இருக்கிறதா. உள்ளீட்டுப் பொருட்களில் தடை செய்த மருந்துகள் இருக்கக் கூடாது என்று பார்க்கும் பொறுப்பு, 2005 சட்டப்படி அமைந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்துக்கு இருக்கிறது. அதன் தலைமை அலுவலகமும் சென்னையில்தான். பண்ணையைப் பதிவு செய்தவர்கள் அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

மீனவர்கள் பக்கம் இதன் பலன் தெரிய இன்னும் நாளாகும். ஒரு ஹெக்டேருக்கு 315 கிலோ மீன்தூள் மிச்சம் என்பது, கடலில் சுமார் ஒன்றேகால் டன் பச்சை மீன். ஒரு கிலோ மீன்தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் மீன் வேண்டும் என்பதால் வரும் கணக்கு இது. ஆனால் இறால் தீவனம் வாங்காவிட்டாலும் சங்காயத்தைக் கோழித் தீவனம் வாங்கிக்கொள்ளும். குஞ்சு மீன் வலைக்குத் தப்ப வேண்டுமென்றால் அது வலைக் கண்ணியின் அளவைப் பொறுத்தது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் 61 நாள் கரையில் நிற்பதும் அதற்காகத்தான்.